மாணவர் அமைத்த ஓவியக் காட்சிகள்

ஓவியக் காட்சிச்சாலைக்குள் நுழையும் நாம் முதலிற் காண்பது படத்தை. அடுத்துத் தேடுவது வரைந்தவரின் பெயரை. அவ்வளவில் நம் விசாரணை முடிந்துவிடுகிறது. நூறு படங்களினின்று இந்த இருபதைத் தேர்ந்தெடுத்தவர் யார்? இப்படத்தை அப்படத்தின் பக்கத்தில் மாட்டவேண்டுமென முடிவு செய்தவர் யார்? மண்டபத்தின் வாடகைக்குப் பொறுப்பேற்றவர் யார்? சட்டம் கோத்த படங்களைச் சாக்கில் சுற்றி மழையில் நனையாமல் கொண்டுவந்தவர் யார்? இவற்றை நாம் கேட்பதில்லை. இப்பணியைச் செய்வோரை ஆங்கிலத்தில் க்யூரேட்டர் என்பர். பேணுதல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். முன்னாளில் அருங்காட்சியகத்துப் பொருள்களைக் காப்பவரை மட்டுமே அது குறித்தது. இந்நாளில் ஒரு காட்சியைக் கருத்தால் தொகுத்து அமைப்பவரையும் குறிக்கிறது. தமிழில் அவரைக் காட்சித் தொகுப்பாளர் எனலாம்.

தேர்ந்த ஓவியர்க்கு இத்தகைய துணைவர் பலர் கிடைப்பர். பயிலும் மாணவர்க்கோ கிடைப்பதரிது. ஆகவே நம் நாட்டில் ஓவிய மாணவர்கள் தமக்குத் தாமே தொகுப்பாளராயினர். சிலபோது ஆசிரியர் துணையுடன், சிலபோது ஆசிரியரை எதிர்த்தும். அவர்தம் வரலாற்றின் சில பகுதிகளையே இங்கே கூற விரும்புகிறேன்.

அவ்வரலாற்றில் அடங்கியுள்ள இடர் இன்னதென்று முதலில் சொல்லிவிடுதல் நன்று. பெங்களூரில் ஓசூர்ச் சாலையை ஒட்டிய அடுகோடியை நேயர்கள் பலர் அறிவர். 1950களில் மைக்கோ தொழிற்சாலை அங்கே எழுந்தது. அதன் சங்கொலியைக் கேட்டே காலையும் மாலையும் கணக்கிட்ட குடும்பங்கள் அப்பக்கத்தில் இருந்தன. தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் உண்டு. பாஷ் எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தின் வளாகம் 2022இல் கணினிசார் ஆராய்ச்சிக் கூடமாகத் திறக்கப்பெற்றது. ஆலை மாறிற்று, வீட்டார் கேள்வி மாறவில்லை. மகனோ மகளோ ஓவியக் கல்லூரியில் சேர விரும்புவதாகச் சொன்னால், "படித்து முடித்தபின் பிழைப்புக்கு என்ன வழி?" என்றே இன்றும் தந்தை கேட்பார். அக்கேள்வியில் தவறொன்றுமில்லை. ஐந்தாண்டு வரைந்தவற்றைப் பார்ப்பார் இல்லை. பார்ப்பார் இல்லாதபோது வாங்குவாரும் இல்லை. பட்டயம் பெற்ற அன்றே பலருடைய தூரிகை பெட்டிக்குள் போய்விடுகிறது. கண்காட்சி என்பது மாணவர்க்கு அலங்காரமன்று; ஓவியராய்த் தொடர்வதா, விடுவதா என்பதையே அது பல வேளைகளில் முடிவு செய்கிறது.

இக்கேள்விக்குச் சென்னையில் ஒருவர் விடை தேடினார். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர் அவர். சென்னைக் கலைத்தொழிற் பள்ளி 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. நாற்காலி, மட்கலம், உலோகப் பாத்திரம் முதலியவற்றைச் செவ்வனே செய்யும் கைவினைஞரை உருவாக்குதலே நெடுநாள் அதன் நோக்கமாயிருந்தது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌதுரி தலைமை ஏற்றபின் ஓவியமும் சிற்பமும் அங்கே முதன்மை பெற்றன. சென்னைக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே என்றால் நேயர்கள் எளிதில் இனங்கண்டு கொள்வர். அவரிடம் பயின்று, பின் அங்கேயே ஆசிரியராகி, 1957இல் அவருக்குப்பின் தலைமையும் ஏற்றவர் பணிக்கர்.

1944இல், இன்னும் இளம் ஆசிரியராக இருந்தபோதே, பணிக்கர் தம் தோழர்களையும் மாணவர்களையும் கூட்டி முற்போக்கு ஓவியர் சங்கம் ஒன்றை நிறுவினார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் அதே காலத்தில் இத்தகைய குழுக்கள் தோன்றியமை பலரும் அறிந்ததே. ஆனால் சென்னைச் சங்கத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. பிற ஊர்களில் ஒத்த வயதினரான ஓவியர்கள் கூடினர். இங்கே ஒரு பள்ளியே தன் வாயிலைத் தாண்டி வெளியே வந்தது எனலாம். ஆசிரியர் படமும் மாணவர் படமும் ஒரே சுவரில் தொங்கின. நகரத்துச் செல்வர் ஓவியம் வாங்கும் பழக்கம் அக்காலச் சென்னையில் மிகக் குறைவு. ஓவியத்திற்கென அமைந்த கூடங்களும் இல்லை. எனவே காட்சி என்றாலே இடம் கேட்டு அலைவதும், பத்திரிகைக்குச் செய்தி எழுதுவதும், வந்தவர்க்கு நின்று விளக்குவதும் ஆகிய எல்லாம் சேர்ந்ததே. அவற்றைச் செய்து பழகியோர் மாணவர்களே.

1954இல் பணிக்கர் லண்டனிலும் பாரிஸிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்துத் திரும்பினார். மேனாட்டாரைப் பின்பற்றாமல் நம் மரபினின்று புதியதோர் ஓவிய மொழியை ஆக்குதல் எவ்வாறு என்ற சிந்தனை அவரை அதன்பின் விடவில்லை. அச்சிந்தனை வகுப்பறையிலும் புகுந்தது. 1961இல் சங்கம் ஆர்ட்ரெண்ட்ஸ் என்னும் ஆங்கில இதழைத் தொடங்கிற்று. சில பக்கங்களே கொண்ட எளிய இதழ்தான். எனினும் ஓவியர் தம் படைப்பைப் பற்றித் தாமே எழுதவும், பிறர் படைப்பை எடைபோடவும் அதில் இடமிருந்தது. படத்தை மாட்டுவதோடு தொகுப்பாளன் பணி முடிவதில்லை, அதைப்பற்றிப் பேசவும் எழுதவும் வேண்டும் என்பதை அவ்விதழ் காட்டிற்று. இன்று அக்காலத்துத் தென்னிந்திய ஓவியத்தை ஆராய்வோர் முதலில் நாடுவது அதன் பழைய படிகளையே.

ஆயினும் காட்சியும் இதழும் அரிசி வாங்கித் தரவில்லை. தேர்ச்சி பெற்ற மாணவர் சிலர் கைத்தறி நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராயினர்; சிலர் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தனர்; எத்தனையோ பேர் தூரிகையையே மறந்தனர். இதனைக் கண்ணெதிரே கண்ட பணிக்கர், கைவினைப் பொருள்களால் வயிற்றைக் காத்து, அந்தப் பலத்தில் ஓவியத்தைக் காக்கலாம் என்று கருதினார். 1960களின் முற்பகுதியில் ஓவியர் கைவினைச் சங்கம் உருவாயிற்று. மெழுகால் வரைந்து சாயம் தோய்க்கும் பாட்டிக் துணிகளை மாணவரும் இளம் ஓவியரும் செய்தனர். அத்துணிகளைக் காட்சிக்கு வைத்து விற்றனர். ஓவியத்தை ஏறெடுத்தும் பாராத வீடுகளில் அவர்கள் வரைந்த திரைச்சீலைகள் தொங்கலாயின! விற்ற பணத்தைப் பங்கிட்டுக் கொண்டு கலைந்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கம் என்னும் ஊரில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் மணல்நிலத்தை வாங்கினர். 1966இல் அங்கே பிறந்ததே சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

அந்நாளில் அது சவுக்கும் தாழையும் மண்டிய இடம். வீட்டைத் தாமே திட்டமிட்டுக் கட்டிக்கொண்டனர். காலையில் கைவினை, பிறகு ஓவியம் என்று வகுத்துக்கொண்டனர். அரசின் மானியத்தை எதிர்பார்த்துத் தொடங்கிய முயற்சியன்று அது. புரவலர் ஒருவரின் கொடையுமன்று. மாணவராயிருந்தபோது காட்சி அமைக்கக் கற்ற அதே கைகள்தாம் ஊரையும் அமைத்தன. படங்களுக்கான கூடம், நாடகமும் கவிதையும் நிகழும் திறந்தவெளி அரங்கு ஆகியவை பின்னர்ச் சேர்ந்தன. எம். சேனாதிபதி, கே. வி. ஹரிதாசன், வி. விசுவநாதன், பி. கோபிநாத், பணிக்கரின் மைந்தரும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் என அங்கே உருவான பெயர்கள் பல. உலகின் பல பகுதிகளில் ஓவியர் குடியிருப்புகள் தோன்றிச் சில ஆண்டுகளில் மறைந்திருக்கின்றன. சோழமண்டலம் ஐம்பதாண்டைக் கடந்தும் நின்றது. அச்சங்கத்தாரின் படைப்புகளுக்கெனக் காட்சியகம் ஒன்றும் 2009இல் அங்கே திறக்கப்பெற்றது. நிலம் அவர்கள் பெயரிலேயே இருந்தமை அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். கொள்கையைப் பற்றிப் பேசுவோர் பத்திரப் பதிவைப் பற்றிப் பேசுவதில்லை.

அவ்வூரைப் பொற்காலமென்று மட்டும் சித்திரிப்பின் அது வரலாறாகாது. கே. ராமானுஜம் என்னும் ஓவியர் அங்கே வாழ்ந்தார். 1941இல் பிறந்தவர். பேச்சு அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. மக்களோடு பழகுவதும் கடினமாயிருந்தது. மைக்கோடுகளால் அவர் எழுப்பிய கனவு மாளிகைகளும், பாம்புகளும், தேவகன்னியரும், அவர்களிடையே தொப்பியணிந்து நிற்கும் அவருடைய சொந்த உருவமும் இந்திய ஓவியத்தில் இணையற்றவை. அவருடைய திறமையைப் பணிக்கர் உணர்ந்து ஊக்குவித்தார். உடன் இருந்தோரும் இயன்றவரை தாங்கினர். ஆயினும் 1973இல் ராமானுஜம் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய படங்களுக்கு இன்றுள்ள மதிப்பில் ஒரு சிறு பகுதி அன்று இருந்திருப்பினும்? இக்கேள்விக்கு விடையில்லை. கூட்டு வாழ்வு எல்லாரையும் காக்கும் என்று நம்புவோர் ராமானுஜத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். பெண்கள் மிகச் சிலரே அங்கு இடம்பெற்றனர் என்பதையும் உடன் சொல்லவேண்டும். ஓவியர் அர்ணவாஸ், சிற்பி அனிலா ஜேக்கப் ஆகியோரின் பெயர்கள் தனித்துத் தெரிவதற்கு அவர்தம் திறமையோடு அவர்களின் சிறு எண்ணிக்கையும் காரணம்.

இனிப் பெங்களூருக்கு வருவோம். இரண்டு ஊர்களையும் இணைக்கும் ஒருவர் இருக்கிறார். மைசூரில் 1941இல் பிறந்த எஸ். ஜி. வாசுதேவ், 1960களில் சென்னைக் கலைப் பள்ளியில் பணிக்கரிடம் பயின்றவர், சோழமண்டலத்தை நிறுவியோருள் ஒருவர், அர்ணவாஸின் கணவர். 1970இல் வெளிவந்த சம்ஸ்கார என்னும் கன்னடத் திரைப்படத்துக்குக் கலை இயக்கம் செய்தவரும் அவரே. 1988இல் மனைவியை இழந்தார். அவ்வாண்டிலேயே பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். அர்ணவாஸின் பெயரால் ஓவிய மாணவர்க்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். அநன்ய திருஷ்ய என்னும் அமைப்பின்வழி மாணவர்க்கும் பொதுமக்களுக்கும் ஓவியம் காணும் பயிற்சி அளிக்கும் பணியில் ஈடுபட்டார். தமக்கு ஆசிரியர் செய்ததை அடுத்த தலைமுறைக்குச் செய்தார் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

அவர் வந்த பெங்களூர் ஓவியத்தில் வெறுமையான ஊரன்று. 1960இல் எம். எஸ். நஞ்சுண்டராவ் முதலியோர் முயற்சியால் கர்நாடக சித்திரகலா பரிஷத் தோன்றியிருந்தது. ஆர். எம். ஹடபாத் 1960களில் நிறுவிய கென் கலைப்பள்ளி, வசதியற்ற வீடுகளிலிருந்து வந்த எத்தனையோ பிள்ளைகளை ஓவியராக்கிற்று. கஸ்தூரிபா சாலையில், அவனீந்திரநாத தாகூரின் மாணவரான கே. வெங்கடப்பாவின் பெயர் தாங்கிய அரசு ஓவியக்கூடம் 1970களில் எழுந்தது. குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் கூடம் அது. முதற் காட்சியை அங்கே வைத்த மாணவர்கள் பலர். சட்டமும் ஆணியும் கயிறும் தாமே வாங்கி, இரவெல்லாம் மாட்டி, காலையில் வரவேற்பவராயும் தாமே நிற்பது அவ்வூர் மாணவரின் வழக்கம். ஆகவே 2015இல் கர்நாடக அரசு அக்கூடத்தைத் தனியார் அறக்கட்டளை ஒன்றின் துணையுடன் புதுப்பித்து நடத்த உடன்பாடு செய்தபோது, ஓவியர்களும் மாணவர்களும் கொதித்தெழுந்தனர். 2016இல் கூடத்தின் முன் கூடி, பாடியும் வரைந்தும் தம் எதிர்ப்பைக் காட்டினர். அந்த உடன்பாடு நிறைவேறவில்லை. புதுப்பித்தால் நல்ல விளக்கும் நல்ல சுவரும் கிடைத்திருக்குமே என்பார் உண்டு. அவர்கள் வாதம் முற்றும் பொய்யன்று. ஆனால் சுவர் எவ்வளவு அழகாயிருப்பினும், அதில் யார் படம் தொங்கலாம் என்பதை முடிவு செய்வோர் யாவர் என்பதே மாணவர் கேட்ட கேள்வி.

அதே கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்டவர் முப்பதாண்டுக்கு முன்னரே இருந்தனர். திருவனந்தபுரம் கலைக் கல்லூரியில் பயின்று பரோடாவுக்கு மேற்படிப்புக்குச் சென்ற மலையாள இளைஞர் சிலர், சிற்பி கே. பி. கிருஷ்ணகுமாரைத் தலைமையாகக் கொண்டு, 1987இல் பரோடாவில் ஒரு காட்சி அமைத்தனர். 'கேள்விகளும் உரையாடலும்' என்று தமிழில் சொல்லத்தக்க பெயர் அதற்கு. அலெக்ஸ் மாத்யு, கே. எம். மதுசூதனன் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். காட்சிக்குரிய அறிக்கையை எழுதியவர் அனிதா துபே. கலை வரலாறு பயின்றவர். அக்குழுவின் ஒரே பெண். ஓவியம் செல்வர் வீட்டு வரவேற்பறைப் பொருளாவதை அவர்கள் வெறுத்தனர். தம்மைத் தீவிர ஓவியர் சிற்பியர் சங்கம் என்று அழைத்துக்கொண்டு, 1989இல் பம்பாயில் நடந்த பெரும் ஓவிய ஏலத்தைக் கண்டித்தனர். கேரளத்துச் சிற்றூர் மக்களிடம் ஓவியத்தைக் கொண்டுசெல்ல முயன்றனர். சோழமண்டலத்தார் விற்பனையைத் தம் கைக்குள் கொண்டுவந்தனர். இவர்களோ விற்பனையையே வேண்டாமென்றனர். இவ்விரண்டில் எது துணிவு மிக்கது என்று நான் தீர்ப்புக் கூறமாட்டேன். எது நிலைத்தது என்பது தெரிந்ததே. 1989 இறுதியில் கிருஷ்ணகுமார் தற்கொலை செய்துகொண்டார். குழு கலைந்தது. அனிதா துபே பின்னர்த் தாமே சிற்பியானார்.

கேரளத்தின் கொச்சியில் 2012 டிசம்பர் 12 அன்று, போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்னும் இரு ஓவியர்களின் முயற்சியால், ஈராண்டுக்கு ஒருமுறை நிகழும் உலக ஓவியக் காட்சி தொடங்கிற்று. முதல் முறை அங்கே காட்சிக்கு வந்தவர் புகழ்பெற்ற ஓவியர்களே. 2014இல் இரண்டாம் முறை நடந்தபோது, அதனுடன் மாணவர்க்கெனத் தனிக் காட்சி ஒன்றும் சேர்க்கப்பெற்றது. இதனை அமைத்த முறைதான் நம் கவனத்திற்குரியது. பெயர்பெற்ற ஒருவரை அழைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. இளந்தொகுப்பாளர் 15 பேரைத் தேர்ந்து, ஆளுக்குச் சில கல்லூரிகளென வகுத்துக்கொடுத்து, நாடெங்கும் அனுப்பினர். அவ்வாண்டில் 37 கலைக் கல்லூரிகள் பங்கேற்றன. 2016இல் அத்தொகை 55 ஆயிற்று. பெரும்பாலானவை அரசு நடத்தும் கல்லூரிகள்.

தொகுப்பாளர் சென்றது படம் பொறுக்குவதற்காக மட்டுமன்று. ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாத துறைகளையும், பல்லாண்டுக்கு முன் வகுத்த பாடத்திட்டத்தையும், புதிய நூல் வாராத நூலகத்தையும் அவர்கள் கண்டனர். மாணவருடன் தங்கிப் பேசினர். பல கல்லூரிகளில் மாணவர் சேர்ந்து செய்த பொதுப்படைப்பையே காட்சிக்குக் கொண்டுவந்தனர். தேர்வுக்காக ஆளுக்கொரு உருவப்படமும் இயற்கைக் காட்சியும் வரைந்து பழகியவர்க்கு, "உங்கள் ஊரைப்பற்றி, உங்கள் கல்லூரியைப்பற்றி நீங்கள் என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்ற கேள்வியே புதிது. பிறகு மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகள். மிளகும் இஞ்சியும் குவிந்திருந்த அந்த இருண்ட கொட்டகைகளில், கேரளத்து மாணவரும் காஷ்மீரத்து மாணவரும் ஒரே ஏணியைப் பங்கிட்டுக்கொண்டு படம் மாட்டினர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. அளவுநாடா இருவருக்கும் பொது.

இதிலும் குறை உண்டு. தொகுப்பாளர் ஒருவரும் மாணவரும் சேர்ந்து செய்ததென்று சொல்லும்போதும் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் முன்னவரிடமே பெரிதும் இருந்தது. காட்சி முடிந்ததும் மாணவர் அதே நூலகத்திற்குத் திரும்பினர். கொச்சியில் மூன்று மாதம் தொங்கிய படம் தந்தையின் கேள்விக்கு முழு விடையாகிவிடாது. எனினும் 2014இல் மாணவராய் வந்தோர் பிற ஊர் மாணவரை முதன்முறை அறிந்தனர். சென்னையில் 1944இல் ஒரு பள்ளியின் சுவருக்குள் நேர்ந்தது, எழுபதாண்டுக்குப்பின் நாடளாவிய அளவில் நேர்ந்தது.

2018இல் இம்மாணவர் காட்சி நம் நாட்டெல்லையைக் கடந்து தெற்காசிய மாணவர்க்கும் திறந்தது. தொகுப்பாளர் எண்ணிக்கையை ஆறாகக் குறைத்தனர். சஞ்சயன் கோஷ், சுக்லா சாவந்த், சுருதி ராமலிங்கையா, சி. பி. கிருஷ்ணப்பிரியா, எம். பி. நிசாத், கே. பி. ரெஜி ஆகியோர் அவர்கள். இவர்களுள் கே. பி. ரெஜி, திருவனந்தபுரத்திலும் பரோடாவிலும் பயின்ற ஓவியர். அஃதாவது, 1987இன் மாணவர் சென்ற அதே வழியிற் சென்றவர். அவ்வாண்டு கொச்சியின் தலைமைக் காட்சியைத் தொகுத்தவர், அப்பொறுப்பை ஏற்ற முதற் பெண்மணி, அனிதா துபே. முப்பத்தோராண்டுக்கு முன் பரோடாவில் தோழர்களுக்காக அறிக்கை எழுதிக்கொடுத்த அதே அனிதா துபே.